சிப்பி காத்த எலும்பு

பினாங்கு மாநிலத்தில் சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோன ஒரு பெண்ணின் எலும்புக்கூடு இன்று நம்மிடம் இருக்கிறது. மண்டை ஓடு இருக்கிறது, பற்கள் இருக்கின்றன, மடித்து வைத்த கைகளின் எலும்புகளும் இருக்கின்றன. இதே நாட்டில் 1950களில் ஒரு ரப்பர் தோட்டத்தின் இடுகாட்டில் புதைக்கப்பட்ட தொழிலாளியின் குழியை இப்போது தோண்டிப் பாருங்கள். பல இடங்களில் ஓரிரு பற்கள், சவப்பெட்டியின் துருப்பிடித்த ஆணிகள், கொஞ்சம் கறுத்த மண். அவ்வளவுதான்.

ஒன்று ஐயாயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. இன்னொன்று எழுபது ஆண்டுகளைக்கூடத் தாங்கவில்லை. இரண்டும் மனித எலும்புதான். அப்படியானால் வித்தியாசம் எலும்பில் இல்லை, அது படுத்திருந்த மண்ணில் இருக்கிறது.

முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருவோம். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போய், கெப்பாலா பத்தாஸைக் கடந்து, பெனாகா பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே குவார் கெப்பா என்ற ஊர் வரும். கெப்பா என்றால் ஒரு வகைச் சிப்பி. குவார் என்பது வடக்குப் பகுதி மலாய் வழக்கில் மேடு. ஆக, சிப்பிமேடு. பெயரிலேயே வரலாறு இருக்கிறது. கற்காலத்தின் கடைசிக் கட்டத்தில் இங்கே வாழ்ந்த மக்கள் சிப்பியைத் தின்றுவிட்டு ஓட்டை ஒரே இடத்தில் வீசியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீசியதில் அது மேடாக உயர்ந்திருக்கிறது. தங்கள் இறந்தவர்களையும் அந்த மேட்டுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜி.டபிள்யூ. ஏர்ல் என்ற ஆங்கிலேயர் இந்த மேடுகளைப் பற்றி எழுதினார். அப்போதே சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் சிப்பி ஓடுகளை வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள். 1930களில் வான் ஸ்டெய்ன் கல்லென்ஃபெல்ஸ் என்ற டச்சுத் தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தார். கிடைத்த 41 பேரின் எலும்புகள் கப்பலேறி நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின. மேடு கரைந்தது, சிப்பி சுண்ணாம்பானது, ஊரும் மறந்தது.

2017 ஏப்ரலில், அதே இடத்தில் ஒரு காட்சிக்கூடம் கட்டுவதற்காக மண்ணைத் தோண்டியபோதுதான் அந்தப் பெண் வெளிப்பட்டாள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு அவளைக் கவனமாக வெளியே எடுத்தது. அருகில் பானை ஓடுகள், கல் கருவிகள், சிப்பிகள். அவளுக்குப் ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வைத்தார்கள். 41 பேர் வெளிநாடு போன பிறகு, உள்ளூரிலேயே தங்கிவிட்ட 42ஆவது ஆள் அவள்.

அவள் எப்படித் தப்பினாள்? இதற்கு எலும்பு என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பை ஒரு கான்கிரீட் தூணாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பிபோல ஓடுவது கொலாஜன் என்ற புரதம். அதைச் சுற்றிச் சிமெண்டுபோல இறுகியிருப்பது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த கனிமம். எடைக் கணக்கில் இந்தக் கனிமமே பாதிக்கு மேல். உயிர் போனதும் தசையைக் கிருமிகளும் பூச்சிகளும் தின்றுவிடும். எலும்பு அப்படியே நிற்கும். அதன் பிறகு எலும்புக்கு இரண்டு எதிரிகள். புரதத்தைக் கிருமி தின்னும், கனிமத்தை அமிலம் கரைக்கும்.

நம் நாட்டின் பெரும்பாலான மண் அமில மண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற ஊர் நம்முடையது. அந்த மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் நிறைந்த செம்மண். ரப்பரும் செம்பனையும் அதில் நன்றாக வளரும். எலும்புதான் கரையும். தண்ணீர் சும்மா தேங்கி நின்றாலாவது ஓரளவு கரைந்தபின் கரைசல் நின்றுபோகும். நம் மண்ணிலோ ஒவ்வொரு மழைக்கும் புதுத் தண்ணீர் இறங்கி, கரைந்ததை எடுத்துக்கொண்டு போய், மறுபடி கரைக்கிறது.

சிப்பிமேட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. சிப்பி ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். மழைநீர் மேலிருந்து இறங்கும்போது அதிலுள்ள அமிலம் முதலில் சிப்பியோடு மோதித் தன் வேகத்தை இழக்கிறது. எலும்பிடம் வந்து சேரும்போது அந்த நீர் காரத்தன்மையோடு, கால்சியம் நிறைந்து இருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை போட்டுத் திகட்டிப்போன தேநீரில் இன்னும் ஒரு கட்டி போட்டால் கரையாமல் அடியில் கிடக்குமே, அந்த மாதிரி. எலும்பிலிருந்து எடுக்க அந்த நீருக்கு இடமில்லை. சாப்பிட்டுவிட்டு வீசிய குப்பை, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு ஒருத்தியைக் காவல் காத்திருக்கிறது.

பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். 1990களின் தொடக்கத்தில் குனோங் ருந்து குகையில் கிடைத்த ‘பேராக் மனிதன்’ பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவன். அவன் படுத்திருந்தது சுண்ணாம்புக்கல் குகை. மேலே கூரை, மழை நேரடியாகப் படாது. கூடவே ஆற்று நத்தை ஓடுகள். வெளியே காட்டு மண்ணில் புதைத்திருந்தால் அவனைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

சுண்ணாம்பு என்றதும் உங்களுக்குச் சில சினிமாக் காட்சிகள் ஞாபகம் வந்திருக்கும். கொலை செய்த வில்லன் பிணத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டுவான், தடயமே இல்லாமல் கரைந்துவிடும் என்பான். உண்மை வேறு மாதிரி. பன்றிகளின் உடல்களைச் சுண்ணாம்போடு புதைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். சுண்ணாம்பு அழுகுதலைத் தாமதப்படுத்தியதுதான் மிச்சம். கிருமிகளுக்கு அந்தக் காரம் ஆகாது. வாடை அடங்கும், பூச்சி வராது, உடல் நீண்ட நாள் கிடக்கும். நிஜ வில்லன்கள் பலர் தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்!

அமில மண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூ நல்ல உதாரணம். 1939இல் அங்கே ஒரு மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழுக் கப்பலின் அச்சும், தங்கமும் வெள்ளியும் கிடைத்தன. அரசனுக்குரிய அடக்கம், ஆனால் உடலைக் காணோம். ஒருவேளை உடலே வைக்கவில்லையோ என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. பிறகு மண்ணைச் சோதித்ததில் பாஸ்பேட் அளவு கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஆள் இருந்திருக்கிறார், அமில மணல் அவரை முழுதாகக் கரைத்துவிட்டது. அதே இடத்தில் வேறு குழிகளில் மனித வடிவத்தில் கறைபடிந்த மணல் மட்டும் கிடைத்தது. எலும்பு இல்லாமல் ஓர் ஆளின் நிழல்.

இதற்கும் மேலே ஒரு வேடிக்கை உண்டு. வட ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் தோல், தலைமுடி, முகச் சுருக்கம்கூட மாறாத உடல்கள் கிடைத்திருக்கின்றன. 1950இல் டென்மார்க்கில் கிடைத்த டொல்லண்ட் மனிதனைப் பார்த்தவர்கள் அது அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டார்கள். அவன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவன். சதுப்பில் காற்று இல்லை, குளிர் உண்டு, தாவரச் சாறு தோலைப் பதனிட்டுவிடும். ஆனால் அந்த அமில நீரில் எலும்பு இளகிப்போகும். அங்கே தோல் தங்கும், எலும்பு போகும். நம் ஊரில் தோல் போகும், எலும்பும் பின்னாலேயே போகும்.

ஆக, ஒரு குழிக்குள் என்ன நடக்கும் என்பதை மண்ணின் அமிலம், தண்ணீர், காற்று, வெப்பம், ஆழம், சுற்றியிருக்கும் வேர்கள், பெட்டி, உடுத்தியிருந்த துணி எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஜெர்மனியின் யோஹான் காஸ்பர் என்ற 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். வெட்டவெளியில் ஒரு வாரத்தில் நடக்கிற சிதைவுக்குத் தண்ணீரில் இரண்டு வாரம் ஆகும், மண்ணுக்குள் எட்டு வாரம் ஆகும் என்று. தடயவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற கணக்கு இது. ஆனால் எந்த மண், எந்த ஊர் என்று கேட்டால் கணக்கு மாறிவிடும்.

மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1977 டிசம்பரில் டென்னசி மாநிலத்தில் ஒரு பழைய கல்லறை கலைக்கப்பட்டிருந்தது. தலையில்லாத ஓர் உடல் கிடைத்தது. தசை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. வில்லியம் பாஸ் என்ற மானுடவியல் பேராசிரியர் பார்த்துவிட்டு, இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார். பிறகு தெரிந்தது, அது 1864இல் உள்நாட்டுப் போரில் இறந்த கர்னல் ஷையின் உடல். பதப்படுத்தி, காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தார்கள். 113 ஆண்டுகள் தவறு! பாஸ் இதை மறைக்கவில்லை. எங்கு போனாலும் சொன்னார். பிறகு 1980களின் தொடக்கத்தில், தானமாகக் கிடைத்த உடல்களை வெவ்வேறு சூழலில் வைத்து என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வு நிலையத்தையே தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நீதிமன்றங்களில் பேசப்படும் பல அளவுகள் அங்கிருந்து வந்தவை.

ஆனால் டென்னசியின் குளிர்காலத்தில் கிடைத்த அளவைக் கெடாவின் செம்மண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. 2015 மே மாதத்தில் பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் காட்டில் ஆள்கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கும். மலேசியாவே அதிர்ந்தது. அந்த உடல்களை நம் தடயவியல் மருத்துவர்கள்தான் ஆய்வு செய்தார்கள். வெப்ப மண்டலத்தில் ஓர் உடல் எவ்வளவு வேகத்தில் எலும்பாகிறது, எலும்பு எவ்வளவு நாள் தங்குகிறது என்பது இங்கே வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை.

தமிழர்களாகிய நமக்கு இது இன்னும் நெருக்கமானது. 2018இல் இலங்கையின் மன்னார் நகரில், பழைய சதோசக் கட்டடம் இருந்த இடத்தில் கட்டுமான வேலையின்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார்கள் குழியின் ஓரத்தில் வந்து நின்றார்கள். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது அறிக்கை. குடும்பங்கள் நம்பவில்லை, கேள்விகளும் அடங்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. எலும்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வயது சொல்ல முடியாது. நல்ல மண்ணில் 500 ஆண்டு எலும்பு நேற்றையதுபோல் இருக்கும். கெட்ட மண்ணில் 30 ஆண்டு எலும்பு சோழர் காலத்தது போல் உதிரும்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணிக்கு அருகே சித்துப்பாத்தி மயானத்தில், தகனமேடை வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளுடையவையும் இருந்தன. கூடவே ஒரு நீல நிறப் பள்ளிப் பை, பொம்மை, பால் புட்டி. மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பொருள்கள் ஏன் முக்கியம் என்று புரியும். பிளாஸ்டிக்கை அமிலமும் கரைக்காது, கிருமியும் தின்னாது. அது எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். எலும்பு வயது சொல்லத் தயங்கும் இடத்தில் பை சொல்லும்.

எலும்பிடமே கேட்கவும் ஒரு வழி உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு எகிறியது. அதற்குப் பிறகு வாழ்ந்த எல்லோருடைய எலும்பிலும் பல்லிலும் அந்த முத்திரை பதிந்திருக்கிறது, உங்களுக்கும் எனக்கும் உட்பட. ஓர் எலும்பில் அது இருந்தால், அந்த ஆள் அணுகுண்டுக் காலத்தில் உயிரோடு இருந்தவர். ஆனால் இந்தச் சோதனைக்கும் எலும்புக்குள் கொஞ்சமாவது கொலாஜன் மிஞ்சியிருக்க வேண்டும். அதை மிச்சம் வைப்பதும் வைக்காததும் மறுபடி மண்ணின் கையில்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வானொலி நிகழ்ச்சியில் ஒருமுறை, தோட்டத்து நினைவுகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா அழைத்தார். அவர்கள் வாழ்ந்த தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது. இடுகாட்டை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். தாத்தாவின் குழியைத் தோண்டினார்கள். “ஒன்னுமே இல்ல தம்பி. தாத்தாவ அங்க பொதைக்கவே இல்லையோன்னு எங்கம்மா இன்னமும் அழுவுறாங்க” என்றார். குழி தோண்ட வந்தவர் இடம் மாற்றித் தோண்டிவிட்டார் என்று மாமா சண்டை போட்டாராம். அந்தச் சண்டையில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிட்டன.

இந்தக் கதை அவர்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. தோட்டங்கள் கைமாறும் இடமெல்லாம் நடக்கிறது. நம் முன்னோர்களில் நிறைய பேரை எரிக்கவில்லை, புதைத்தார்கள். லயத்துக்குப் பின்னால், ரப்பர் நிரைகளின் ஓரத்தில், ஒரு மரப்பலகைச் சிலுவையோ சூலமோ நட்டு வைத்தார்கள். பலகை கறையானுக்குப் போனது. கீழே அமில மண், ஆண்டு முழுக்க மழை, பக்கத்து மரத்தின் வேர். எழுபது ஆண்டுகள் கழித்து எலும்பு இல்லை என்றால் அதில் வியப்பு எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஆள் புதைக்கப்படவே இல்லை என்றும் அதற்கு அர்த்தமில்லை. சட்டன் ஹூவின் அரசனுக்கு நடந்ததுதான் நம் பால்வெட்டுக்காரத் தாத்தாவுக்கும் நடந்திருக்கிறது.

அப்படி ஒரு குழியைத் திறக்க நேர்ந்தால் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முறையான அனுமதி, அதில் குறுக்கு வழி வேண்டாம். அடுத்து, மண்வாரி இயந்திரத்தை அடிவரைக்கும் இறக்க விடாதீர்கள். கடைசி அடிகளை மண்வெட்டியும் கையும் பார்த்துக்கொள்ளட்டும். மண்ணின் நிறம் மாறும் இடத்தைக் கவனியுங்கள். சுற்றியுள்ள செம்மண்ணைவிடக் கறுத்து, நீள்வாக்கில் ஒரு கறை தெரிந்தால் அதுதான் அவர். அந்த மண்ணைச் சல்லடையில் சலியுங்கள். பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கனிமம். எலும்பு போன பிறகும் பல் கிடைக்கலாம். பெட்டியின் ஆணி, வெற்றிலை இடிக்கும் உலக்கை, வளையல், பழைய காசு எல்லாம் சாட்சிதான். ஒன்றும் கிடைக்கவில்லையா, அந்தக் கறுத்த மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சட்டியில் வைத்து மற்றக் காரியங்களைச் செய்யுங்கள். அந்த மண்ணில் கரைந்திருக்கும் பாஸ்பேட் உங்கள் தாத்தாவின் எலும்பிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் நான் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப அந்த மண்ணையே வெச்சிருக்கலாம் இல்ல?” என்று கேட்டார். வைத்திருக்கலாம் அக்கா. அடுத்தவர்களாவது வைக்கட்டும்.

குவார் கெப்பாவின் 41 பேரையும் லைடனிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பினாங்கு பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது. யாருடைய பாட்டன் பாட்டி என்று தெரியாத ஆறாயிரம் ஆண்டு எலும்புகளுக்காக ஒரு மாநிலம் கடிதம் எழுதுகிறது. அது சரியான வேலை. அதே அக்கறையில் ஒரு பங்கை நம் தோட்டத்து இடுகாடுகளுக்கும் நாம் காட்டலாம். சிப்பி ஓடு இல்லாத மண்ணில் படுத்தவர்களுக்குக் காவல், நாம் எழுதி வைக்கிற குறிப்பு மட்டுமே.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். கொள்ளுத்தாத்தாவை எந்தத் தோட்டத்தில், எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்த ஆண்டில் புதைத்தார்கள் என்று கேளுங்கள். இடம் இன்னும் இருந்தால் போய்ப் படம் எடுத்து, கைப்பேசியில் வரைபடக் குறியோடு சேமித்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அதையும் ஒருமுறை அனுப்பி வையுங்கள்.